அடைக்கோழி இருக்கும் வீட்டில் 21 நாள்

முட்டைக்கு வந்த கோழி ஒன்று வீட்டில் இருந்தால் அன்றைக்குக் காலை வேலை ஒன்றும் ஓடாது. வாசலில் நின்று தலையைச் சாய்த்து, ஒரே கண்ணால் உள்ளே எட்டிப் பார்க்கும். ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, "க்கோ..." என்று நீட்டி இழுத்துக்கொண்டே உள்ளே வரும். விரட்டினால் பின்வாசல் வழியாக வரும். அதையும் சாத்தினால் திண்ணையில் ஏறி உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். மடித்து வைத்த துணிக்கூடை, கட்டிலுக்கடியில் கிடக்கும் சாக்கு, வாய் திறந்த தவிட்டுப் பானை, பரணில் கவிழாமல் கிடக்கும் பழைய முறம், எல்லாமே அதன் கண்ணுக்குக் கூடுதான்.

கோழிக்கு வேண்டியது மூன்றே மூன்று: அரை இருட்டு, மூன்று பக்கம் மறைப்பு, காலால் சீய்த்தால் குழிகிற மெத்தை. இந்த மூன்றையும் நாமே ஒரு மூலையில் செய்து கொடுத்துவிட்டால் துணிக்கூடை பிழைக்கும். முதல் முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். விடைக்கோழி, அதாவது முதல் முட்டைக்கு வரும் இளம் கோழி, ஒரு தடவை ஓர் இடத்தில் இட்டுப் பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. முட்டைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, வாலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் அகலம் இருந்தால் வந்துவிட்டது. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. கொண்டையும் வெளிறிய நிறம் போய்ச் சிவந்திருக்கும்.

கூட்டில் இருக்கிற முட்டையை மொத்தமாக வழித்து எடுத்துவிடக் கூடாது. ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும். பழைய முட்டை கெட்டுப்போகும் என்று பயந்தால், முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் போதும். காலிக் கூட்டைப் பார்த்த கோழி, இந்த இடம் சரியில்லை என்று வைக்கோல் போருக்குள்ளோ வேலியோரப் புதருக்குள்ளோ போய்விடும். அதற்கப்புறம் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கோழி வருகிறது, தின்கிறது, போகிறது. முட்டையை மட்டும் காணோம். குழந்தைகளைப் பின்னால் அனுப்பினால் கோழி நின்றுவிடும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டுக்குப் போகவே போகாது. பொறுமையாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். இதற்கு ஓட்டம் தேவையில்லை. காலை 10, 11 மணி வரை கூண்டைத் திறக்காமல் வையுங்கள். பெரும்பாலான முட்டை அதற்குள் உள்ளேயே விழுந்துவிடும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆவதால் இடுகிற நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். இன்று 8 மணி என்றால் நாளைக்கு 9 மணி வாக்கில். மதியம் தாண்டுகிற நிலை வந்ததும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். இந்தக் கணக்கு தெரிந்தால், திறந்துவிட்ட கோழி நேராக எங்கே ஓடுகிறது என்பதைத் தூரத்தில் இருந்தே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டெடுத்த முட்டைகளில் எது பழசு என்பதற்குத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நம்பகமான வழி. படுத்துக் கிடந்தால் புதுசு, நட்டுக்கொண்டு நின்றால் பழசு, மிதந்தால் தொடாதீர்கள். ஆனால் தண்ணீரில் போட்ட முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.

நாட்டுக்கோழி 10, 15 முட்டை இட்டு முடித்ததும் அடைக்கு விழும். ஒரு நாள் மாலை கூட்டிலிருந்து எழுந்திருக்காது. கையை நீட்டினால் உடம்பைத் தட்டையாக்கி, இறகை விரித்து, இரண்டு பங்கு பருத்து நிற்கும். "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம். அதையும் மீறிக் கையை விட்டால் கொத்து விழும். தோலைக் கவ்வித் திருகவும் செய்யும். வெளியே இறங்கினாலும் "க்ளக், க்ளக்" என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டே நடக்கும். நெஞ்சுக்கு அடியில் தடவிப் பார்த்தால் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, சுடச்சுட இருக்கும். அந்த வெறுந்தோல் முட்டையில் நேராகப் படுவதால்தான் சூடு இறங்குகிறது. எச்சமும் மாறிவிடும்: நாளுக்கு ஒரு தடவை, பெரிய உருண்டையாக, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு. இது நோயல்ல. கூட்டை அசுத்தப்படுத்தாமல் இருக்க ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்ததன் விளைவு.

இங்கேதான் அவசரம் வேலையைக் கெடுக்கிறது. உட்கார்ந்துவிட்டதே என்று அன்றைக்கே 12 முட்டையை அடியில் தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் கோழிக்கு மனசு மாறி எழுந்து போய்விடும். முட்டை அத்தனையும் வீண். முதலில் இரண்டு கல்லையோ உதவாத முட்டையையோ வைத்து, இரண்டு ராத்திரி தொடர்ந்து உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால்தான் அது அடை.

குஞ்சு பொரிக்காததற்குப் பழி எப்போதும் கோழி மேல்தான் விழுகிறது. "இந்தக் கோழிக்குச் சரியாக அடைகாக்கத் தெரியவில்லை" என்று பேச்சு. பெரும்பாலும் தப்பு அதற்கு முன்னாலேயே, முட்டை சேர்த்து வைத்த இடத்தில் நடந்து முடிந்திருக்கும். கருவுக்குள் இருக்கும் செல்கள் சுமார் 20, 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே மெதுவாக விழித்துக்கொள்ளும். அடுப்புக்கு மேல் பரணிலோ, வெயில் படும் ஓட்டுக்கு அடியிலோ வைத்த முட்டையில் கரு பகலில் கொஞ்சம் வளர்ந்து, ராத்திரி நின்று, மறுபடி வளர்ந்து, கடைசியில் செத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று பார்த்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் மணல் பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி நட்டு வையுங்கள். 7 நாளுக்குள் அடைக்குப் போக வேண்டும். கோடையில் 4, 5 நாளைத் தாண்டக் கூடாது. ஃப்ரிட்ஜில் பல நாள் இருந்த முட்டையிலும் பொரிப்பு மோசமாகவே இருக்கும்.

அழுக்காக இருக்கிறதே என்று முட்டையைக் கழுவுவது இரண்டாவது தப்பு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு தண்ணீரில் போய்விட்டால் கிருமி நேராக உள்ளே இறங்கும். ஒட்டியிருப்பதை உலர்ந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். அதிகம் அழுக்கானதைச் சமையலுக்கு ஒதுக்கிவிடுங்கள். ரொம்பப் பெரியது இரட்டைக் கருவாக இருக்கலாம், பொரிப்பது அபூர்வம். ரொம்பச் சின்னது, ஓடு சொரசொரப்பானது, மயிரிழை விரிசல் விட்டது, இவையும் வேண்டாம். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டு முட்டையை மெல்லத் தட்டினால் காட்டிக்கொடுத்துவிடும்: நல்லது "டிங்" என்கும், விரிந்தது "டொக்" என்கும். வெளியூரிலிருந்து வண்டியில் குலுங்கி வந்த முட்டை என்றால் ஒரு நாள் முழுக்க நட்டு வைத்து ஆற விட்ட பிறகு அடைக்கு வையுங்கள்.

சேவல் விஷயம் சுருக்கமாக. 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலை விற்ற பிறகும் 10 நாள் வரை கருவுள்ள முட்டை வரும், ஏனென்றால் விந்து கோழியின் உடம்புக்குள் அத்தனை நாள் உயிரோடு தங்கும். அதே காரணத்தால், புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் பழைய சேவலை விலக்கி மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

கூடு 35, 40 செ.மீ. விட்டமுள்ள கூடையாக இருக்கட்டும். அடியில் நாலு விரல் ஆழத்துக்கு மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டு, கை முட்டியால் நடுவில் அமுக்கி ஒரு தட்டுப் பள்ளம் செய்யுங்கள். அதன் மேல் கசக்கி மெதுவாக்கிய வைக்கோல். பள்ளத்தின் ஆழம்தான் சூட்சுமம். அதிகமாகக் குழிந்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோழி புரட்டும்போது மோதி உடையும். தட்டையாக இருந்தால் ஓரத்து முட்டை உருண்டு வெளியே போய்ச் சில்லிடும். ஒரு முட்டையை ஓரத்தில் வைத்து விடுங்கள். தானாக மெல்ல நடுவுக்கு வந்து நின்றால் சரி. சாம்பல் எதற்கென்றால், அடையில் இருக்கும் கோழி மண் குளியல் போடுவது குறையும். பேனும், செல் என்கிற ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சியும் அப்போதுதான் பெருகும். ராத்திரியில் செல் கடித்தே பல கோழிகள் பாதியில் எழுந்து போகின்றன. கூடையின் விளிம்பை விரலால் தடவி, சிவப்பாகப் புள்ளி புள்ளியாக ஒட்டுகிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள்.

எத்தனை முட்டை? கோழி உட்கார்ந்த பிறகு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு முட்டையும் வெளியே தெரியக் கூடாது. சராசரி நாட்டுக்கோழிக்கு 9 முதல் 12. ஆசைப்பட்டு 16 வைத்தால் 16ம் பாழ். கோழி நாளெல்லாம் முட்டையைப் புரட்டி இடம் மாற்றும் என்பதால், ஓரத்தில் குளிர்கிற முட்டை நாளுக்கு ஒன்றாக மாறி, எல்லாமே ஒரு நாள் சில்லிட்டுப் போயிருக்கும்.

முட்டையைச் சூரியன் விழுந்த பிறகு வையுங்கள். கோழி அமைதியாக ஏற்றுக்கொள்ளும். வைக்கும் முன் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வளையம் போடுங்கள். ஓடு முழுக்கச் சுற்றி வர வேண்டும், எந்தப் பக்கம் புரண்டாலும் தெரிய வேண்டுமே. மை வேண்டாம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாத வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? அடைக்கோழி சாப்பிட இறங்கிய நேரத்தில் மற்ற கோழிகள் வரிசையில் நின்று அந்தக் கூட்டிலேயே முட்டை இட்டுவிட்டுப் போகும். 9 முட்டை வைத்த கூட்டில் பத்தாம் நாள் 17 இருக்கும். எது நேற்றையது, எது பத்து நாள் கரு என்று யாருக்கும் தெரியாது. 21ஆம் நாள் முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி அவற்றோடு கிளம்பிவிடும். பாதி வளர்ந்தவை கூட்டிலேயே செத்துவிடும். வளையம் இல்லாத முட்டையைத் தினமும் எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

கோழி நாளுக்கு ஒரு தடவை 15, 20 நிமிடம் இறங்கும். தின்னும், தண்ணீர் குடிக்கும், அந்தப் பெரிய எச்சத்தைப் போடும், புழுதியில் இரண்டு புரளல், உடனே திரும்பி ஓட்டம். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்: "அய்யோ, முட்டை ஆறுதே!" ஆறட்டும், அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. சில கோழிகள்தான் எதிர்மாறு. இரண்டு நாளானாலும் இறங்காமல், மெலிந்து, கடைசியில் கூட்டிலேயே எச்சமிட்டு நாசம் செய்யும். அதைத் தூக்கித்தான் விட வேண்டும். தூக்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு இறக்கைக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவுங்கள். அங்கே ஒரு முட்டையை இடுக்கிக்கொண்டிருக்கும். ஓர் அடி தூக்கியதும் இறக்கையை விரிக்க, அது மற்ற முட்டைகளின் மேல் விழுந்து மூன்று உடையும். அடைக்கோழியை அப்படியே தூக்கி முட்டை உடைக்காத வீடு குறைவு.

ஏழாம் நாள் ராத்திரி முட்டையை ஒளியில் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சின் வாயில் அட்டையைச் சுருட்டி வைத்து, முட்டையின் அகன்ற முனையை அதன்மேல் பொருத்துங்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்புகளும், நடுவில் அசைகிற ஒரு கறுப்புப் புள்ளியும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. புள்ளிதான் கண். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் டார்ச்சை நகர்த்த மனமில்லாமல் நின்றுவிடுவார்கள். குழந்தைகளைக் கட்டாயம் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கரு கூடவில்லை. வட்டமாக ஒரு ரத்தக்கோடு மட்டும் என்றால் கரு ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். தெளிவாகத் தெரியாததை விட்டுவைத்து 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். அப்போது அகன்ற முனையில் காற்று நிற்கும் இடமான காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்க வேண்டும்.

எடுக்காமல் விட்டால் அதுதான் கூமுட்டை ஆகும். உள்ளே வாயு சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் பட்டென்று வெடிக்கும். அந்த நாற்றம் அடுத்த வீடு வரைக்கும் போகும், கோழியே எழுந்து ஓடும். நாற்றம் பெரிய நஷ்டமல்ல. வழிந்த அழுகல் மற்ற முட்டைகளின் துளைகளை அடைத்து, கிருமியையும் ஏற்றிவிடும், அதுதான் நஷ்டம். அப்படி ஆகிவிட்டால் வைக்கோலை முழுதாக மாற்றி, மற்ற முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, துடைத்து உடனே கோழிக்கடியில் வைக்கலாம். முட்டையைக் கழுவலாம் என்றால் இந்த ஒரு சமயத்தில்தான்.

18ஆம் நாளுக்கு மேல் கையை வைக்கவே கூடாது. உள்ளே குஞ்சு அகன்ற முனைப் பக்கம் தலையைத் திருப்பி, மூக்கை வலது இறக்கைக்கு அடியில் செருகித் தயாராகிறது. 19, 20ஆம் நாளில் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சு விடும். முட்டையைக் காதில் வைக்கத் தேவையில்லை, கோழிக்குப் பக்கத்தில் குனிந்தாலே "கிய்யா, கிய்யா" கேட்கும். கோழியும் இதுவரை போடாத ஒரு தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். பிறகு ஓட்டில் ஒரு சின்ன நட்சத்திர விரிசல். அதோடு அப்படியே நின்றுவிடும்.

வீட்டில் பெரும் கலவரம் அந்த நேரத்தில்தான். விரிசல் விட்டு ஆறு மணி நேரமாகியும் குஞ்சு வரவில்லையே என்று ஆளாளுக்கு யோசனை. நகத்தால் ஓட்டைப் பிய்த்து உதவி செய்ய ஒருத்தர் கட்டாயம் வருவார். தயவுசெய்து செய்யாதீர்கள். விரிசலிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டும், மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. அது முடியும் முன் ஓட்டைப் பிரித்தால் சவ்வு கிழிந்து ரத்தம் கசியும். மஞ்சள் கரு வெளியே தொங்கும். அந்தக் குஞ்சு பிழைக்காது. பிரித்துவிட்டவர் அதன் பிறகு அன்றைக்குச் சோறு தின்ன மாட்டார்.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வைக்க வேண்டியதில்லை. உள்ளே வாங்கிய மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். கடைசிக் குஞ்சு வரும் வரை கோழி கூட்டை விட்டு இறங்காமல் இருப்பது அதை நம்பித்தான். இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகு பொடிக் குருணை. தண்ணீரை ஆழமில்லாத மூடியில் ஊற்றி, அதில் கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள். ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும். தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிடும், சாக்கு விரியுங்கள். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்து எடுங்கள், பிய்த்தால் தோல் வரும். முதல் வாரக் கடைசியில் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவமனையில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கழிச்சல் வந்த பிறகு மருந்து கிடையாது, கொத்தாகப் போகும். மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. முதல் வேலை, படுக்கையை மாற்றிக் காய வைப்பது.

பகலில் வானத்திலிருந்து பருந்தும் காக்கையும், ராத்திரி தரைக்கடியிலிருந்து பெருச்சாளியும். பருந்துக்குக் கோழியே ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும், பிறகு இறக்கைக்குள் மறையும். பெருச்சாளிக்கு அந்தக் குரல் உதவாது. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தை மண் தரையில் வைத்தால் அடியில் தோண்டி, தாயின் இறக்கைக்குள்ளிருந்தே ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். கெட்டித் தரையிலோ பலகை மேலோ கவிழ்த்து, மேலே கல்லை ஏற்றுங்கள். கல்லில்லாத பஞ்சாரத்தைப் பூனை புரட்டும்.

கோழிக்கடியில் வாத்து முட்டை வைப்பவர்களும் உண்டு. அதற்கு 28 நாள், கோழி முட்டையோடு கலந்து வைக்கக் கூடாது. கோழியும் சலிக்காமல் ஒரு வாரம் கூடுதலாக உட்காரும். பொரித்த குஞ்சுகள் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கிவிடும். கோழி கரையில் மேலும் கீழும் ஓடி, தொண்டை கட்டுகிற வரை கத்தும். குஞ்சுகள் கரையேறியதும் ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் சுற்றி வந்து இறக்கையை விரிக்கும். நனைந்த குஞ்சுகள் அடியில் புகுந்து அதையும் நனைத்துவிடும். அடைக்கோழியின் பொறுப்பை ஒரே காட்சியில் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் பத்து நாள் வாத்துக்குஞ்சுகளைத் தண்ணீரில் நீண்ட நேரம் விடாதீர்கள். நனைந்து விறைத்துவிடும்.

அடை வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள். பாவம், நடுங்குமே தவிர மறுநாள் மறுபடி கூட்டில்தான் இருக்கும். வைக்கோல் எதுவும் இல்லாத, அடியில் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெளிச்சமான இடத்தில் வைத்து, தீனியும் தண்ணீரும் கொடுத்து 3 முதல் 5 நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் அடை தானாகத் தெளியும். அடைக்கு விழுந்த முதல் நாளே செய்தால் மூன்று நாள் போதும். பத்து நாள் உட்கார விட்டுச் செய்தால் இழுத்தடிக்கும்.

குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகும் வாக்கில் தாய்க்கோழி ஒரு நாள் திடீரென்று அவற்றைக் கொத்தத் தொடங்கும். நேற்றுவரை மண்ணைக் கிளறிப் புழுவைக் காட்டியது, இன்று தீனிக்கு வந்தால் தலையில் போடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பொறுக்காது. பிடித்து மறுபடி ஒரே பஞ்சாரத்தில் அடைப்பார்கள், அங்கே கொத்து இன்னும் அதிகமாகும். கோழியைக் கூரைக்கோ மரத்துக்கோ விட்டுவிட்டு, குஞ்சுகளை மட்டும் பழைய பஞ்சாரத்தில் அடையுங்கள். முதல் இரண்டு ராத்திரி கத்தும். மூன்றாம் ராத்திரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். பஞ்சாரத்துக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியைக் குறுக்காகக் கட்டிவிட்டால், அடுத்த வாரத்துக்குள் அதில் வரிசையாக ஏறி உட்காரப் பழகிக்கொள்ளும்.